'நேவி பி ஓகே': ஆர்டர் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆபீசுக்குப் புதிதாக வந்த மெர்ச்சண்டைசர் (ஆர்டரைத் தொடர்ந்து கவனிப்பவர்), துணி வாங்கும் பையர் சொன்ன அளவு மாற்றத்தைக் கட்டிங் மாஸ்டருக்கு வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஆர்டர் விவரமெல்லாம் பதியும் ஆபீஸ் சாஃப்ட்வேரான இஆர்பியில் அந்த ஆர்டரைத் திறந்தேன். பழைய அளவுதான் இருந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் இதே திருப்பூரில் நான் செய்ததும் இதைத்தான்.

தப்பான குரூப்பில் போடுவது போன்றவற்றை இரண்டு திட்டு வாங்கினால் தானே கற்றுக்கொள்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். பேச்சில் முடிவானது இஆர்பியில் ஏறாமல் போகும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எதற்கு ஓகே?

ஒரே பையருக்கு இரண்டு ஆர்டர். ஒன்று 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட், இன்னொன்று 280 ஜிஎஸ்எம் ஃபிளீஸ் ஹூடி. இரண்டும் நேவி. துணி மாறினால் சாயம் ஏறுவதும் மாறும் என்பதால் லேப் டிப், அதாவது பையர் பார்த்து ஓகே சொல்லச் சாயமேற்றி அனுப்பும் சாம்பிள் துண்டு, தனித்தனியாகப் போகும். இரண்டுக்கும் ஏ, பி, சி என்று மும்மூன்று துண்டு அனுப்பியிருந்தோம். ஒரு சாயங்காலம் பையிங் ஆபீசிலிருந்து குரூப்பில் வந்தது: 'நேவி பி ஓகே'. நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுச் சாயப்பட்டறைக்குத் தள்ளிவிட்டேன். அவர்கள் சொன்னது டி-ஷர்ட்டுக்கு. பட்டறையில் காத்திருந்தது ஃபிளீஸ், 800 கிலோ. மறுநாள் ஹூடிக்கு சி ஓகே ஆனபோது துணி மெஷினில் இறங்கியிருந்தது.

கெட்ட நேவியைக் கறுப்பாக்கலாம். ஆக்கி, மிச்சச் சரக்காக ஸ்டாக் லாட்டில் விற்றோம். மறுபடி நூல், நிட்டிங், சாயம். கப்பலில் போக வேண்டிய ஹூடி விமானத்தில் போனது, எங்கள் செலவில். முதலாளி ஒன்றுதான் கேட்டார்: "எதுக்கு ஓகேன்னு எங்கப்பா எழுதியிருக்குது?"

பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன். இஆர்பியில் இரண்டு ஆர்டரிலும் லேப் டிப்புக்கு ஒரு கட்டம் இருந்தது, இரண்டும் காலி என்பதுதான் இன்றும் எரிகிறது. ஆர்டர் நம்பர், துணி, கலர், ஆப்ஷன், சொன்னவர், தேதி. இதை நிரப்ப உட்கார்ந்திருந்தால் முதல் கட்டத்திலேயே கை நின்று, "எந்த நேவிங்க?" என்று கேட்டிருப்பேன். இப்போது எங்கள் ஆபீசில் அந்தக் கட்டம் நிரம்பாமல் துணி சாயத்துக்குப் போகாது.

ஸ்கிரீன்ஷாட் ஏற்றிவிட்டேன் என்பது

பாதிப் படங்களில் தேதியே இருக்காது. எங்கள் இஆர்பி தேடலில் படத்துக்குள் இருக்கும் எழுத்து சிக்காது. படம் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு வரி டைப் செய்யுங்கள்.

வாய்ஸ் மெசேஜ்

அதைக் காதால் கேட்டவரே எழுதி இஆர்பியில் ஏற்ற வேண்டும்.

மறையும் மெசேஜ்

24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வாட்ஸ்அப்பில் மூன்று கெடு. ஆர்டர் குரூப்புக்கு மூன்றும் வேண்டாம். ஸ்லாக் இலவசக் கணக்கிலும் 90 நாளுக்கு முந்தைய பேச்சு கண்ணில் படாது. நூல் வாங்கியதிலிருந்து பணத்தைப் பிடித்துக்கொள்வதாகப் பையர் அனுப்பும் டெபிட் நோட் வரும்வரை அதைவிட அதிகம் ஆகிவிடுகிறது.

சொந்த போன்

ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி சட்டம். கணக்கு டேலி சாஃப்ட்வேரில் பத்திரமாக இருக்கும்; காரணம் வேலையை விட்டுப் போனவரின் போனில் இருக்கும். ஒரு டெபிட் நோட் எதற்கு என்று கேட்க, நம்பரை மாற்றிவிட்ட ஒருவரைத் தேடி கோபிசெட்டிபாளையம் வரைக்கும் போயிருக்கிறேன். அவருக்கும் ஞாபகமில்லை.