பருத்திமார் போரில் தூங்கும் புழு: குளிரை நம்பிச் செய்யும் தவறுகள்

பஞ்சாப், ஹரியானா பக்கம் பருத்தி முடிந்ததும் காய்ந்த செடித் தண்டான மாரை விறகுக்காகப் போராக அடுக்கி வைப்பார்கள். நடுங்கவைக்கும் குளிரில் இளஞ்சிவப்பு காய்ப்புழு செத்துவிடும் என்று நம்புவது முதல் தவறு. மாரில் ஒட்டியிருக்கும் காய்ந்த காயை உடைத்தால், நூலாம்படையால் ஒட்டிய இரட்டை விதை கிடைக்கும். அதற்குள் வளர்ந்து முடிந்த புழு, கூட்டுப்புழுவாக மாறாமல் சுருண்டு கிடக்கும். சேர்த்துவைத்த கொழுப்பிலேயே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

குளிர் மட்டுமே தூங்கவைக்கிறது என்பதும் சரியல்ல. பகல் ஏறத்தாழ 13 மணி நேரத்துக்குக் கீழே குறைவதுதான் முதல் சைகை. அந்தச் சமயத்தில் குளிர்ச்சியும் சேர்ந்தால் நிறைய புழுக்கள் தூங்கப்போகும். வெதுவெதுப்பாக இருந்தால் பல புழுக்கள் தூங்காமல் இன்னொரு தலைமுறையைப் பெருக்கிவிடும். "இந்த வருஷம் குளிர் கம்மி, தொல்லையும் கம்மி" என்று நினைத்தால் கணக்கு தப்பும்.

அப்புறம், எழும் நேரம். போனில் காட்டும் காற்று வெப்பநிலையை வைத்துக் கணிக்காதீர்கள். போரின் வெயில் படும் பக்கம் சீக்கிரம் சூடாகும், உள்ளே நிழலில் கிடப்பது தாமதமாகத்தான் விழிக்கும். அதனால் அந்துப்பூச்சிகள் தவணை தவணையாக வரும். செடி சப்பை (பூமொட்டு) விடுவதற்கு முன்பே வந்தவை முட்டையிட ஏற்ற இடமில்லாமல் வீணாகும். பின்னால் வருபவைதான் ஆபத்து. முதல் வரவு ஓய்ந்ததும், ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியைக் கழற்றுவது எனக்குத் தெரிந்து அவசரப்பட்டுச் செய்யும் பெரிய தவறு. பொறியை வயலில் மட்டுமல்ல, போருக்கும், பஞ்சையும் விதையையும் பிரிக்கும் ஜின்னிங் மில்லுக்கும் பக்கத்திலும் வையுங்கள். மாரைக் கோடை வெயில் ஏறுமுன் தூளாக்கிவிட்டால் இன்னும் நல்லது.

தமிழ்நாட்டுக் கதை வேறு. இங்கே கோடையில்கூடப் பகல் 13 மணி நேரத்தைத் தொடாது. அப்படிப் பார்த்தால் புழு வருஷம் முழுக்கத் தூங்க வேண்டும். ஆனால் உஷ்ணம்தான் அதைத் தூங்கவிடாமல் வைக்கிறது. தூக்கமில்லையே, அடுத்த பட்டத்துக்கு வராது என்று விடக்கூடாது. குளிர்காலப் பருத்தி, கோடைப் பருத்தி என்று தீனி தொடர்ந்தால் தூங்காமலே பெருகும். இதுபோன்ற தொல்லைகளைத் தடுக்க அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில் 1919-இல் பூச்சி, நோய்ச் சட்டமே போட்டார்கள். கம்போடியா என்ற ரகப் பருத்தியைக் குறிப்பிட்ட தேதிக்குள் பிடுங்கியாக வேண்டும் என்று அதன்கீழ் உத்தரவும் இருந்தது. இன்றைக்கு அக்கம்பக்கத்து விவசாயிகளே பேசி, எல்லா வயலும் ஒரே சமயத்தில் காலியாக இருக்கும்படி இடைவெளி விட வேண்டும்.