டை ராடு எண்ட் மாற்றுவது எப்படி? அளவு தவறாமல் கழற்றி மாட்டும் முறை

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ராக் (அந்தச் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பல் தண்டு) தரும் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பது டை ராடு. அதன் வெளிமுனை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு சேரும் இடத்தில் உள்ள மூட்டுதான் டை ராடு எண்ட். உள்ளே ஒரு பந்து, அதைச் சுற்றிக் கிண்ணம், வாயை மூடியபடி ஒரு ரப்பர் பூட். பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மண்ணும் தண்ணீரும் உள்ளே புகும். அப்புறம் பந்து தேய்வதைத் தடுக்க முடியாது.

ஸ்டியரிங்கில் தளர்ச்சி, மேடுபள்ளத்தில் முன்பக்கம் 'கடக் கடக்' சத்தம், முன் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்வது, இவையெல்லாம் அறிகுறிகள். ஆனால் இதே அறிகுறிகள் வேறு கோளாறுகளுக்கும் உண்டு. அதனால் பாகம் வாங்கும் முன் சோதித்துவிடுங்கள்.

1. ஆட்டம் எங்கே என்று பாருங்கள்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கை, தலை எதையும் நீட்டக் கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது.

கடிகாரத்தில் 9 மணியும் 3 மணியும் இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொருவர் ஆட்ட, நீங்கள் எண்டின் மேல் விரல் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. நக்கிள் அசைந்த பிறகுதான் ராடு அசைகிறது என்றால், இடைவெளி அந்த மூட்டில்தான். 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டும்போதும் ஆடினால் வீல் பேரிங்கையோ கீழ் பால் ஜாயின்டையோ சந்தேகப்படுங்கள். ராக்கின் மடிப்பு பூட்டுக்குள் ஆட்டம் தெரிந்தால் அது உள் டை ராடு. அந்த வேலை வேறு.

2. கழற்றும் முன் அளவெடுங்கள்

இந்த வேலையில் அவசரப்படக் கூடாத கட்டம் இதுதான். டை ராடின் நீளம்தான் சக்கரத்தின் 'டோ'வை, அதாவது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும் கோணத்தை முடிவு செய்கிறது. மரையின் இடைவெளி 1.5 மி.மீ. என்றால், ஒரு சுற்று கூடினாலோ குறைந்தாலோ ராடின் நீளம் 1.5 மி.மீ. மாறும். நக்கிளின் கை குட்டை, டயரோ பெரியது. அதனால் டயர் விளிம்பில் அந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.

எண்ட் ராடில் சுழலாமல் பூட்டி வைக்கும் லாக் நட்டை ஒட்டி மரையில் பெயின்ட் கோடு போடுங்கள். எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள், அது போதாது. வேறு கம்பெனி தயாரித்த எண்டின் உடல் நீளம் சற்று மாறலாம். அப்போது சுற்று எண்ணிக்கை சரியாக இருந்தும் அளவு தவறிவிடும். அதனால் எண்டின் ஸ்டட் (பந்திலிருந்து நீண்டு நக்கிளின் துளைக்குள் நுழையும் தண்டு) நடுப்புள்ளியிலிருந்து உள்பக்க ராடில் மாறாத ஓர் இடம் வரை அளந்து எழுதிவையுங்கள். கடைசியில் கைகொடுப்பது இந்த அளவுதான்.

3. பழையதைப் பிரித்தல்

சக்கரத்தைக் கழற்றுங்கள். வெளியே தெரியும் மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்துச் சற்று நேரம் ஊற விடுங்கள்.

லாக் நட்டை முதலில் தளர்த்துங்கள், எண்ட் இன்னும் நக்கிளில் இருக்கும்போதே. நக்கிள் அதைப் பிடித்துக்கொள்வதால் வேலை சுலபம். கால் சுற்று தளர்ந்தால் போதும். பிறகு ஸ்டட் நட் கழலாமல் தடுக்கும் வளைந்த கம்பியான காட்டர் பின்னை நிமிர்த்தி உருவி, ஸ்டட் நட்டைக் கழற்றுங்கள். நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுழன்றால் அதன் நுனியில் ஆலன் கீ துளை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எண்டை நக்கிளுக்குள் அழுத்திப் பிடித்தபடி திருப்புங்கள்.

நட் போனாலும் எண்ட் அசையாது. ஸ்டட் கூம்பு வடிவம், துளைக்குள் இறுகிப்போயிருக்கும். நட்டைத் திரும்ப ஓரிரு மரை ஏற்றிவிட்டு புல்லரை (ஸ்டட்டைத் துளையிலிருந்து அழுத்தி விடுவிக்கும் கருவி) போட்டு இறுக்குங்கள். நட் இருந்தால், 'டப்'பென்று விடும்போது எண்ட் தெறிக்காது. புல்லர் இல்லாதவர்கள் நக்கிளின் கண்ணை, ஸ்டட் நுழையும் வளையத்தின் பக்கவாட்டை, சுத்தியலால் அடிப்பார்கள். இரும்பு நக்கிள் என்றால் அது பலன் தரும். அலுமினியம் என்றால் அடிக்கவே கூடாது, புல்லர்தான் வழி. ஸ்டட் நுனியை நேராக அடிப்பது எந்த நக்கிளிலும் தவறு. பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் பக்கம் கருவி சறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. புதியதை மாட்டுதல்

எண்ணிய சுற்றுகளுக்கு எண்டை ஏற்றி, எழுதிவைத்த அளவோடு சரிபார்த்துத் திருத்துங்கள். நக்கிளின் கூம்புத் துளையைத் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். அதில் கிரீஸ் தடவாதீர்கள். உலோகத்தோடு உலோகம் காய்ந்து கவ்வினால்தான் பிடி.

நட்டை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்க வேண்டிய விசை அளவுக்கு) டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். காட்டர் பின் துளை நேராக வரவில்லையென்றால் நட்டை இன்னும் கொஞ்சம் முன்னே இறுக்கி நேராக்குங்கள். துளைக்காகப் பின்னே தளர்த்தக் கூடாது. பின் எப்போதும் புதியதுதான். உங்கள் வண்டியில் நைலான் நட் என்றால் அதுவும் புதியதே.

லாக் நட்டை இறுக்கும்போது எண்ட் நேர் நிலையில் இருக்கட்டும். பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, ராக் பூட் முறுக்கிக்கொண்டிருக்கிறதா, எண்ட் எதிலாவது உரசுகிறதா என்று பாருங்கள். சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, வண்டியை இறக்கியதும் ஒருமுறை கடைசியாக இறுக்குங்கள்.

5. அலைன்மென்ட்

எவ்வளவு துல்லியமாக அளந்திருந்தாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். நீங்கள் எடுத்த அளவெல்லாம் மெக்கானிக்கிடம் வண்டியை மெதுவாக ஓட்டிப் போய்ச் சேரும் தூரத்துக்குத்தான். அங்கே டோ திருத்த அவர் அதே லாக் நட்டைத் தளர்த்துவார். வேலை முடிந்து கிளம்பும் முன், அது மறுபடி இறுக்கப்பட்டதா என்று ஸ்பேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.