சிலிண்டர் அடுப்பில் கேஸ் கசிவு: கண்டுபிடித்து டியூப் மாற்றும் முறை

இந்த விளக்கம் சிங்கப்பூரில் எல்பிஜி சிலிண்டர் வைத்திருக்கும் வீடுகளுக்கு மட்டும். உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் குழாய் வழியாக எரிவாயு வருகிறதென்றால் குழாயிலும் மீட்டரிலும் கை வைக்காதீர்கள். அந்த வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற பணியாளர்தான் வர வேண்டும்.

வாடை பலமாக அடித்தால்

பழுது பார்க்கும் நேரம் அதுவல்ல. ரெகுலேட்டரை மூடுங்கள், சன்னல் கதவுகளைத் திறங்கள், எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். விளக்கு, மின்விசிறி, அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கி எதையும் போடவும் வேண்டாம், ஏற்கெனவே போட்டிருப்பதை அணைக்கவும் வேண்டாம். சுவிட்சுக்குள் எழும் சிறு பொறியே போதும். தாழ்வாரத்துக்கு வந்தபின் தீயணைப்பு அவசர எண் 995ஐ அழையுங்கள்.

எல்பிஜி காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. அதனால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து, அடுப்புக்குக் கீழே சிலிண்டர் நிற்கும் கேபினட்டுக்குள் தேங்கிவிடும். காற்றில் சுமார் 2 விழுக்காடு கலந்தாலே பற்றிக்கொள்ளும். நின்றபடி மோந்து பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று முடிவுகட்ட முடியாததற்குக் காரணம் இதுதான்.

கசியும் இடத்தைப் பிடிப்பது

வாடை முழுக்கப் போனபின், சன்னல்கள் திறந்திருக்கும்போதே தொடங்குங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு கரண்டி, தண்ணீர் நான்கு கரண்டி, ஒரு சிறிய தூரிகை. கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம்; அதில் அமோனியா இருந்தால் பித்தளைப் பாகங்களைக் கெடுத்துவிடும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அடுப்பின் குமிழ்கள் எல்லாம் மூடியிருக்கட்டும். ரெகுலேட்டரை மட்டும் திறந்து, சிலிண்டரிலிருந்து அடுப்பு வரை வரிசையாக நுரையைத் தடவுங்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். தூரிகை கிளப்பிய நுரை அப்படியே இருக்கும் அல்லது அமுங்கிவிடும். கசிவு இருந்தால் ஒரே புள்ளியிலிருந்து குமிழி வளர்ந்து, உடைந்து, மறுபடியும் வளரும். அதைக் கண்டதும் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.

எங்கே குமிழி வருகிறதோ அதைப் பொறுத்து வேலை மாறும்.

சிலிண்டர் வால்விலோ ரெகுலேட்டர் உட்காரும் இடத்திலோ வந்தால், ரெகுலேட்டரைக் கழற்றித் தூசு துடைத்து மீண்டும் நேராகப் பொருத்துங்கள். அப்போதும் வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் போய்விட்டது. நீங்கள் மாற்ற வேண்டாம். விநியோகிப்பாளரை அழைத்துச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுங்கள். ரெகுலேட்டரின் தலையில் உள்ள ஊசித் துளையில் குமிழி வந்தால் உள்சவ்வு கிழிந்திருக்கிறது என்று பொருள். அந்தத் துளையை டேப் போட்டு அடைக்கவே கூடாது. புது ரெகுலேட்டர்தான் தீர்வு. அடுப்புக் குமிழின் அடியில் வந்தால் அது அடுப்புப் பழுதுபார்ப்பவரின் வேலை.

பெரும்பாலும் கசிவது டியூபின் இரு முனைகளில்தான். எண்ணெய்ப் பிசுக்கும் சூடும் சேர்ந்து ரப்பரை இறுக்கிவிடும். முனையில் மயிரிழை வெடிப்பு விழும். கிளிப்பை இன்னும் முடுக்கினால் நின்றுவிடும் என்று தோன்றும். ஆனால் கிளிப்பின் விளிம்பு ரப்பரை அறுத்து, கசிவு பெரிதாகும். ஒட்டுப் போடுவதும் டேப் சுற்றுவதும் பயன்படாது. டியூபையே மாற்றுங்கள்.

டியூப் மாற்றுவது

ரெகுலேட்டரை மூடிச் சிலிண்டரிலிருந்து கழற்றுங்கள். டியூபில் மிச்சமிருக்கும் கேஸை அடுப்பில் எரித்துத் தீர்ப்பது வழக்கம். கசியும் டியூபுக்கு அந்த வழி கூடாது. சன்னல் திறந்திருக்க, நெருப்பில்லாமல், அடுப்புக் குமிழைத் திறந்து வெளியேற விடுங்கள், பிறகு மூடுங்கள்.

கிளிப்புகளைத் தளர்த்துங்கள். பழைய டியூப் ஒட்டிக்கொண்டிருந்தால் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். கத்தி உலோக முனையில் படக்கூடாது, அந்தக் கீறல் வழியே புது டியூபும் கசியும்.

பழைய துண்டைக் கடைக்கு எடுத்துப் போய் அதே உள்விட்டத்தில் எல்பிஜி டியூப் வாங்குங்கள். சிங்கப்பூர் பாதுகாப்புக் குறி உள்ளதாகக் கேளுங்கள். தண்ணீர் டியூபும் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் டியூபும் எல்பிஜிக்கு ஆகாது, விறைத்து வெடித்துவிடும். மடங்காமல் போய்ச் சேரும் அளவு நீளம் போதும். டியூபை ஓவனுக்குப் பின்னால் ஓடவிடவோ, இரண்டு துண்டை இணைக்கவோ வேண்டாம். கிளிப்புகளையும் புதிதாக வாங்குங்கள்.

முனையை வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்தால் இளகும். எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் உப்பிக் கழன்றுவிடும். ஈரத்தைத் துடைத்துவிட்டு, உலோக முனையின் வரிகள் எல்லாம் மறையும் வரை திருகித் தள்ளுங்கள். கிளிப் அந்த வரிகளின் மேல், டியூப் விளிம்பிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் உள்ளே இருக்கட்டும். கிளிப்பின் இரு பக்கமும் ரப்பர் லேசாகப் புடைத்தால் போதும். கிளிப்பின் பற்களுக்கிடையே பிதுங்கினால் அதிகம்.

ரெகுலேட்டரைச் சிலிண்டரில் பொருத்தித் திறந்து, இரு முனைகளிலும் மறுபடியும் நுரைச் சோதனை செய்யுங்கள். குமிழி வராவிட்டால் மட்டும் அடுப்பைப் பற்றவையுங்கள். மாற்றிய மாதத்தைக் கேபினட் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். டியூபை 2 ஆண்டுக்கும் ரெகுலேட்டரை 5 ஆண்டுக்கும் ஒருமுறை மாற்றுவது நல்லது. ஒவ்வொரு முறை புது சிலிண்டர் வரும்போதும், கொண்டுவந்தவர் கிளம்புமுன் ரெகுலேட்டர் பொருந்தும் இடத்தில் நுரை வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் அப்போதே அவரிடமே சிலிண்டரை மாற்றிக்கொள்ளலாம்.