வண்ணமே இல்லாத ஒரு பெயிண்டிங் பார்ட்டி

"வாங்க, எல்லோருமா உட்கார்ந்து படம் வரையலாம்" என்று அழைத்தால், பாதிப் பேர் உடனே பின்வாங்குவார்கள். "எனக்கு ஒரு கோடுகூட நேரா வராது" என்பார்கள். கறுப்பு, வெள்ளை இரண்டு மட்டும்தான் என்று சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இறங்கி வருவார்கள். எந்த நிறத்தோடு எது சேரும், கலந்தால் சேறு மாதிரி ஆகிவிடுமோ என்ற கவலையெல்லாம் இதில் கிடையாது. இங்கே ஒரே கேள்விதான்: எது இருட்டு, எது வெளிச்சம்?

அக்ரிலிக் பெயிண்ட் வாங்குங்கள். சீக்கிரம் காயும், பிரஷைத் தண்ணீரில் கழுவிக்கொள்ளலாம். ஆயில் பெயிண்ட் காய நாள்கணக்கில் ஆகும், பார்ட்டிக்கு ஒத்துவராது. வெள்ளையில் 'டைட்டானியம் ஒயிட்' என்று போட்டிருப்பதைப் பார்த்து எடுங்கள். 'ஜிங்க் ஒயிட்' அடியில் இருப்பதை மறைக்காது. கறுப்பின் மேல் பூசினால் பனிமூட்டம் போலத்தான் தெரியும். கறுப்பில் 'மார்ஸ் பிளாக்' நன்றாக மூடும். எதை வாங்கினாலும் எல்லோருக்கும் ஒரே கறுப்பாக இருக்கட்டும். வெள்ளைதான் வேகமாகத் தீரும். கறுப்பைப்போல மூன்று மடங்கு வாங்கி வையுங்கள்.

என்னைக் கேட்டால், இந்த பார்ட்டியின் உயிரே சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. அதைத் தயார் செய்யாமல் விட்டால், ஆளாளுக்குக் கறுப்பு அவுட்லைன் போட்டு உள்ளே வெள்ளை அடித்துவிட்டு, பத்து நிமிடத்தில் முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். அதனால் முந்தின நாளே மூன்று மூடி போட்ட டப்பாக்களில் வெளிர் சாம்பல், நடுச் சாம்பல், அடர் சாம்பல் கலந்து வையுங்கள். முதலில் வெள்ளையை ஊற்றி, கறுப்பை ஐஸ்கிரீம் குச்சியின் நுனியால் தொட்டுத் தொட்டுச் சேருங்கள். கறுப்புக்கு வீரியம் அதிகம். கறுப்பில் தொடங்கி அதை வெளுக்கவைக்கப் பார்த்தால் டப்பா டப்பாவாக வெள்ளை போய்விடும். அக்ரிலிக் காய்ந்ததும் சற்று அடர்த்தியாகத் தெரியும் என்பதால், ஒவ்வொன்றையும் ஒரு தாளில் தீற்றி, ஹேர் டிரையரால் காயவைத்துப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

அந்த நடுச் சாம்பலைத் தண்ணீர்விட்டு இளக்கி, கேன்வாஸ் முழுக்க ஒரு கோட் அடித்துவிடுங்கள். 10க்கு 12 அங்குலம் போதும். வெற்று வெள்ளை கேன்வாஸைப் பார்த்தால் யாருக்குமே கை நடுங்கும். சாம்பல் மேல் கறுப்பு வைத்தாலும் தெரிகிறது, வெள்ளை வைத்தாலும் தெரிகிறது.

என்ன வரைவது? முகம் வேண்டாம். மூக்கு கோணலாகிவிட்டால் அதற்கப்புறம் யாருக்கும் உற்சாகம் இருக்காது. படிக்கட்டு, குடை, சைக்கிள், இலையில்லாத மரம் எல்லாம் நன்றாக வரும். போட்டோ பார்த்து வரைவதென்றால், மொபைலில் அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி அச்செடுத்துக் கொடுங்கள். ஆனால் எனக்குப் பிடித்தது ஒரு முட்டை. வெள்ளைத் துணியில் வைத்து, பக்கவாட்டில் ஒரு மேஜை விளக்கு. அந்த மூலையில் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். இப்போது பாருங்கள். விளக்குப் பக்கம் பளீரென்ற வெள்ளை, அதிலிருந்து மெல்ல மெல்ல இறங்கும் சாம்பல், மறுபக்கம் நிழல். அந்த நிழலின் கீழ் ஓரத்தில், துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் லேசாக ஏறியிருக்கும். முட்டை துணியைத் தொடும் இடத்தில்தான் கருகருவென்ற இருட்டு. முட்டையும் வெள்ளை, துணியும் வெள்ளை. ஆனால் வரைய வேண்டியதில் பெரும்பகுதி சாம்பல்! இதைக் கண்டதும் சத்தமாகச் சிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொடங்கும்போது எல்லோரையும் கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன விவரங்கள் மறைந்து பெரிய இருட்டுத் திட்டுகள் மட்டும் தெரியும். அவற்றை ஒரு அங்குலத் தட்டை பிரஷால் முதலில் அடிக்கட்டும். சின்ன பிரஷ்களை முதல் அரை மணி நேரம் நான் ஒளித்து வைத்துவிடுவேன். கையில் கிடைத்தால் உடனே ஓரத்தில் உட்கார்ந்து நுணுக்க ஆரம்பித்துவிடுவார்கள். சுத்த வெள்ளை கடைசியில்தான், அதுவும் கஞ்சமாக. மொத்தம் இரண்டு, இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு இரண்டு கப் தண்ணீர் கொடுங்கள்: கறுப்பு பிரஷுக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று. அந்தக் கப்பும் குடிக்கும் கப்பும் ஒரே மாதிரி இருக்கவே கூடாது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய்க் கை பட்ட இடத்தில் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது, அதனால் வரைந்து முடித்த பிறகுதான் சாப்பாடு. கறுப்பு வெள்ளை உடையில் வரச் சொன்னால் போட்டோ அழகாக இருக்கும்தான். மேலே போட்டுக்கொள்ளப் பழைய சட்டைகளையும் எடுத்து வையுங்கள். துணியில் பட்டால் ஈரம் காய்வதற்குள் சோப்பு போட்டு அலசிவிட வேண்டும். காய்ந்த அக்ரிலிக் போவது கஷ்டம்.

"கலர் இல்லாம இதெல்லாம் ஒரு பெயிண்டிங்கா?" என்று ஒருவராவது கேட்பார். பிக்காசோவின் 'குவெர்னிக்கா'வை மொபைலில் காட்டுங்கள். 1937இல் வரைந்தது, ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் அகலம். அவ்வளவும் கறுப்பு, வெள்ளை, சாம்பல்தான். கடைசியில் "ஒரே ஒரு சிவப்புப் பொட்டு வச்சுக்கட்டுமா?" என்றும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் வேண்டும்.

முடிந்ததும் மிச்சப் பெயிண்டை டிஷ்யூவில் துடைத்துக் குப்பையில் போடுங்கள், சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பிரஷ்களை உடனே சோப்பு போட்டுக் கழுவிப் படுக்க வையுங்கள். படங்களைக் கொடுத்தனுப்பும்போது முகத்தோடு முகம் வைத்து அடுக்க வேண்டாம். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் அக்ரிலிக் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இடையில் ஒரு பட்டர் பேப்பர் வைத்துவிடுங்கள்.