நடவு வயலிலிருந்து கரையேறியதும்: கை, கால், துணி கெடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டி வாய்க்காலுக்கு வந்துவிட்டால் டெல்டாவில் பாதிப் பேருக்குக் கால் ஈரமாகத்தான் இருக்கும். குறுவை நடவில் ஆரம்பித்தால் சம்பா, தாளடி, களையெடுப்பு என்று மார்கழி வரை இது விடாது. வெளியூர் வேலையை விட்டுவிட்டு முதன்முறையாக வயலில் இறங்குகிறவர்கள், காலேஜ் லீவில் அம்மாவுக்கு ஒத்தாசையாக நடவுக்குப் போகிற பிள்ளைகள், இவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வயல் வேலை செய்கிறவர்கள் சுத்தம் பார்ப்பதில்லை என்று டவுனில் ஒரு பேச்சு உண்டு. நான் பார்த்தவரை அது பொய். மோட்டார் கொட்டகைத் தொட்டியில் ஒரு தரம், வீட்டு வாசலில் ஒரு தரம் என்று இங்கே கழுவுவதற்குக் குறைவே கிடையாது. விட்டுப்போவது துடைப்பதும் உலர்த்துவதும்தான். அதனால் கீழே எந்தப் படியைத் தவிர்த்தாலும் நான்காவதைத் தவிர்க்காதீர்கள்.

முதலில் வீட்டில் இருக்க வேண்டியவை: சாதாரணக் குளியல் சோப்பு (கிருமிநாசினி சோப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை), நகவெட்டி, ஒரு டப்பா வாஸ்லின் அல்லது தேங்காய் எண்ணெய், பழைய பருத்தித் துண்டு இரண்டு, காலியான 2 லிட்டர் பாட்டில் ஒன்று.

படி 1: இறங்குவதற்கு முன்

வாரம் ஒருமுறை நகம் வெட்டுங்கள். கால் நகத்தை ஓரங்களில் வளைத்து உள்ளே வெட்டாமல் நேராக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் நகம் சதைக்குள் வளரும். கை நகத்தின் அடித்தோலைப் பிய்க்காதீர்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் இருக்கிற கைக்கு நகச்சுத்தி வருவது அந்த வழியாகத்தான். எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகுவது நம் பக்கத்து வைத்தியம். அதைவிட வெதுவெதுப்பான நீரில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை விரலை வைத்திருந்து துடைப்பது மேல். சீழ் கோத்துவிட்டால் டாக்டர்தான் கீறிவிட வேண்டும்.

பிறகு விரலிடுக்குகளிலும் குதிகாலிலும் வாஸ்லினோ எண்ணெயோ தடவிக்கொள்ளுங்கள். தோல் ஊறுவதை இது அடியோடு நிறுத்தாது, கொஞ்சம் தாமதப்படுத்தும். நடவு சமயத்தில் மருதாணி அரைத்துக் காலில் வைப்பார்களே, அதிலும் விஷயம் இருக்கிறது. பூஞ்சையை ஓரளவு அடக்கும் தன்மை அந்த இலைக்கு உண்டு. ஆனால் தோல் வெடித்துப் புண் ஆன பிறகு அதன்மேல் வைக்காதீர்கள்.

காலில் ஏற்கெனவே கீறல் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி போட்டு இறங்குங்கள். காரணத்தைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

படி 2: வரப்பில் சாப்பிடும் முன்

தூக்குவாளியைத் திறக்கும் முன் எல்லாரும் வாய்க்காலில் கையை அலசிக்கொள்கிறார்கள். அந்தத் தண்ணீரில்தான் மேலே மாடு குளித்தது, இன்னும் மேலே யாரோ கால் கழுவினார்கள். சேறு போய்விடும், கிருமி போகாது. வெற்றிலை போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். சுண்ணாம்பு தடவுகிற விரல் நேராக வாய்க்குப் போகிறது.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. 2 லிட்டர் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஊசியைச் சுடவைத்துச் சின்ன ஓட்டை போடுங்கள். போர் தண்ணீரை நிரப்பி மூடியை இறுக்கினால் ஒழுகாது. மூடியைத் தளர்த்தினால் நூல் மாதிரி தண்ணீர் வரும். வரப்போர மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டு, வெங்காயம் வருகிற வலைப்பையில் ஒரு துண்டு சோப்பைப் போட்டுப் பக்கத்தில் கட்டிவிடுங்கள். ஒழுகுவது கொஞ்சம்தான் என்பதால் ஒரு பாட்டில் பல பேருக்கு வரும். சேற்றை மட்டும் முதலில் வாய்க்காலில் அலசிவிட்டு வந்தால் இன்னும் மிச்சம்.

சோப்பு போட்டபின் குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும். உள்ளங்கையை எல்லாரும் நன்றாகத் தேய்க்கிறோம். புறங்கை, கட்டைவிரல், நக நுனி மூன்றும்தான் தப்பிவிடும். நக நுனியை மற்ற கையின் உள்ளங்கையில் சுரண்டுகிற மாதிரி தேயுங்கள். சோப்பு அழுக்கையும் எண்ணெய்ப் பசையையும் தோலிலிருந்து பிரித்தெடுக்கிறது, அதோடு கிருமியும் கழன்று தண்ணீரோடு போகிறது. பல வைரஸ்களைச் சுற்றியிருக்கும் கொழுப்புறையையும் அது உடைத்துவிடும். சோப்பு இல்லாத நாளில் அடுப்புச் சாம்பல் பரவாயில்லை, வரப்பு மண் வேண்டாம். அதில் புழு முட்டை இருக்கலாம்.

ஈரக் கையை வேலை செய்த சேலைத் தலைப்பிலோ தோள் துண்டிலோ துடைத்தால் கழுவியது வீண். உதறிவிட்டுக் காற்றில் ஆற விடுங்கள். ஈரமான கைக்குத்தான் கிருமி எளிதாக ஒட்டும்.

படி 3: கரையேறியதும்

போர் தண்ணீரில், சோப்பு போட்டு, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் கழுவ வேண்டும். தேங்காய் நாரால் குதிகாலை மெதுவாகத் தேய்க்கலாம், விரலிடுக்கில் நார் வேண்டாம். ஊறிய தோல் அங்கே உரிந்துவிடும். கழுவும்போதே நத்தை ஓடு கிழித்திருக்கிறதா, முள் ஏறியிருக்கிறதா என்று பாதத்தின் அடியைப் பாருங்கள். கிழித்திருந்தால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணி கட்டினால் போதும். காபித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். ஆழமான அழுக்குக் காயமாக இருந்து, ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி கடைசியாகப் போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: துடைப்பது

கால் கழுவியவுடன் ஈரத்தோடு செருப்பில் நுழைத்து சைக்கிளிலோ டிவிஎஸ் வண்டியிலோ ஏறிவிடுகிறோம். வீட்டுக்கு வந்தும் திண்ணையில் அப்படியே உட்கார்கிறோம். பாதத்தின் மேல்பக்கம் காற்றில் காய்ந்துவிடும். விரலிடுக்கு காயாது, குறிப்பாகச் சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில். அந்த இடுக்கு மிக நெருக்கம், அதனால் முதலில் அங்கேதான் வெளுக்கும்.

தோலின் மேலடுக்கு தண்ணீரில் ஊறினால் உப்பி, வெளுத்து, மெத்தென்று ஆகிவிடும். நடக்கும்போது உரசி விரிசல் விடும். அந்த விரிசலில் முதலில் பூஞ்சை, அப்புறம் பாக்டீரியா. நாற்றமும் அரிப்பும் எரிச்சலும் சேர்ந்தால் அதுதான் சேற்றுப்புண்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: காலுக்கென்று தனியாக ஒரு துண்டு. அதன் முனையை ஒவ்வொரு இடுக்கிலும் நுழைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அதன்பின் கால்மணி நேரமாவது செருப்பில்லாமல் காலை நீட்டி உட்காருங்கள். வெடிப்புக்கு எண்ணெய் தடவுவதாக இருந்தால் குதிகாலில் மட்டும் தடவுங்கள். வேலைக்கு இறங்கும் முன் இடுக்கில் எண்ணெய், வேலை முடிந்தபின் இடுக்கு வெறுமையாக. இந்த வரிசையை மாற்றிவிடக் கூடாது. இரவில் இடுக்கில் எண்ணெய் விட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். துண்டைத் தினமும் துவைத்து வெயிலில் போடுங்கள்.

இடுக்கு ஏற்கெனவே வெந்துபோயிருந்தால் குளோட்ரிமசோல் களிம்பை நன்றாக உலர்த்திய பிறகு மெல்லியதாகத் தடவலாம். ஆனால் தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருந்தால் எந்தக் களிம்பும் கேட்காது. "ஏண்டி, கால் இப்படி வெந்து கிடக்கு, ரெண்டு நாளு வீட்ல இருக்கக் கூடாதா?" என்று கேட்டால், "கூலி நீ குடுப்பியாக்கா?" என்று பதில் வரும். நியாயமான பதில்தான். இயந்திர நடவு நடக்கிற இடத்தில் வரப்பில் நின்று நாற்றுப்பாய் எடுத்துக் கொடுக்கிற வேலையை அந்த இரண்டு மூன்று நாளைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ள முடிந்தால் நல்லது. கூட்டாக நடவுக்குப் போகிற பெண்கள் இதை முறைவைத்துச் செய்துகொள்ளலாம்.

இந்தப் படிக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் கும்பகோணம் பக்கத்து ஆட்களுக்குக் காரணம் சொல்லவே வேண்டாம். யானைக்கால் அங்கே ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தது. அந்த நோயைப் பரப்புவது கொசு, சேறு இல்லை. ஆனால் கால் வீங்கியவர்களுக்கு அவ்வப்போது குளிர்காய்ச்சல் வந்து, கால் சிவந்து, நெறி கட்டுமே, அதற்குக் காரணம் பெரும்பாலும் விரலிடுக்குப் புண் வழியாக நுழைகிற பாக்டீரியாதான். ஒவ்வொரு முறை அப்படி வரும்போதும் வீக்கம் கொஞ்சம் கூடும். அதனால்தான் யானைக்கால் உள்ளவர்களுக்கு டாக்டர்கள் சொல்லிக்கொடுக்கிற வீட்டுச் சிகிச்சையில் தினமும் சோப்பு போட்டுக் கழுவுவதும், இடுக்கை உலர்த்துவதும், காலை உயர்த்தி வைப்பதும் முதலில் வருகின்றன. வீட்டில் தாத்தாவுக்கோ அப்பாயிக்கோ அந்தக் கால் இருந்தால், குனிந்து இடுக்கைத் துடைக்க அவர்களால் முடியாது. நீங்கள்தான் துடைத்துவிட வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கும் அப்படியே. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் நத்தை ஓடு கிழித்ததுகூடத் தெரியாது. தினமும் ஒருவர் பாதத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 5: துணி

ஐப்பசி அடைமழையில் துணி காயாது. அரைகுறையாகக் காய்ந்த உள்ளாடையையும் உள்பாவாடையையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதில்தான் தொடை இடுக்கில் படர்தாமரை ஆரம்பிக்கிறது. மாயவரம் துலாக்கட்டத்தில் கடைமுழுக்கு, முடவன் முழுக்கு என்று முழுகிவிட்டு ஈரத்துணியோடு பஸ் ஏறி ஊர் திரும்புகிறவர்களும் மாற்றுத்துணி எடுத்துப்போவது நல்லது. முழுகும்போது தண்ணீரை வாயில் கொள்ளவும் வேண்டாம்.

வேலைத் துணியை வீட்டுக்கு வந்ததும் மாற்றுங்கள். உள்ளாடை பருத்தியாக, தளர்வாக இருக்கட்டும். துவைத்து உட்புறத்தை வெளியே திருப்பிக் காயப்போடுங்கள். வெயிலே இல்லாத வாரத்தில் இஸ்திரிப் பெட்டியை உட்புறத்தில் ஒரு தரம் ஓட்டினால் ஈரமும் போகும், பூஞ்சையும் சாகும். வீட்டில் ஒருவருக்குப் படர்தாமரை இருந்தால் அவர் துண்டு, போர்வை எல்லாம் தனி.

இப்போது ஒரு எச்சரிக்கை. மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு ஆயின்ட்மென்ட்" என்று கேட்டால் பல இடங்களில் கையில் வருவது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடும், அதனால் நல்ல மருந்து என்று அக்கம்பக்கத்துக்கும் சிபாரிசு செய்வோம். உள்ளே பூஞ்சை நிம்மதியாகப் பரவிக்கொண்டிருக்கும். களிம்பை நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிய வட்டமாக வரும், நாள்பட்டால் தோல் மெலிந்து வரி வரியாக விழும். டியூபின் மேல் குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் படர்தாமரைக்குப் போடாதீர்கள். சரியான களிம்பை வட்டத்துக்கு வெளியேயும் இரண்டு சென்டிமீட்டர் வரை தடவி, தோல் சரியான பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். பாதியில் நிறுத்துவதால்தான் பலருக்கும் திரும்பத் திரும்ப வருகிறது.

படி 6: பூச்சிமருந்து அடித்த நாள்

அன்றைக்கு மட்டும் வரிசை வேறு. பீடி, வெற்றிலை, தண்ணீர் எதையும் தொடும் முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். சிறுநீர் கழிப்பதற்கு முன்னும் கழுவ வேண்டும், பின்னால் மட்டும் போதாது. வீட்டுக்குள் நுழையும் முன் குளித்துவிடுங்கள். அந்தத் துணியை மற்றத் துணிகளோடு ஊறவைக்கக் கூடாது.

படி 7: கொல்லைக்குச் செருப்பு

கொக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். எகிப்தில் வேலை பார்த்த ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர், புழு இருந்த தண்ணீர் தவறித் தன் கையில் சிந்தியபின் தன் மலத்திலேயே முட்டையைக் கண்டுபிடித்துத்தான் இது உலகத்துக்குத் தெரிந்தது. குடலில் ஒட்டி ரத்தத்தை உறிஞ்சும், சோகை வரும். தண்ணீர் தேங்கிய சேற்றைவிட நிழலான ஈரமண்தான் அதற்குப் பிடித்த இடம். ஆகவே தோப்பு, கொல்லை, வெளிக்குப் போகும் இடம் எல்லாவற்றுக்கும் செருப்பு போட்டுப் போங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் பிள்ளைகளை லீவு போட வைக்காதீர்கள்.

படி 8: காய்ச்சல் வந்தால்

வரப்பு முழுக்க எலி வளை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள கீறல் வழியாகவோ ஊறிய தோல் வழியாகவோ உள்ளே போனால் எலிக்காய்ச்சல் வரலாம். முதல் படியில் பிளாஸ்திரி போடச் சொன்னது இதற்குத்தான். கிட்டி வைத்து எலி பிடிக்கிறவர்கள் செத்த எலியை வெறுங்கையால் எடுக்காதீர்கள்.

பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும், அதனால் வயலோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. திடீர்க் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலைத் தொடமுடியாத வலி, கண் சிவப்பு. இவை சேர்ந்து வந்தால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. வெள்ளம் வடிந்த சமயங்களில் தடுப்பாக வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் கொடுப்பதுண்டு. அதை டாக்டர் சொன்னால்தான் சாப்பிட வேண்டும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு வாங்கி உள்ளே போனதும் "மூணு நாளா காய்ச்சல் சார்" என்று மட்டும் சொல்லாமல், "நடவுக்குப் போனேன், கால்ல வெட்டு இருந்தது" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் எந்த ரத்தப் பரிசோதனை எழுத வேண்டும் என்று டாக்டருக்குத் தெரியும்.