எஸ்க்ரோவை எகிற வைத்த மட் வரி

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் புது வீடு வாங்கிய இரண்டாம் வருடம் மாதத் தவணை எகிறியது. வட்டி மாறாத கடன்தான், ஏறியது வரி. வீட்டு வரிக்கான பணத்தையும் தவணையோடு வாங்கி, எஸ்க்ரோ என்ற தனிக் கணக்கில் வைத்துக் கடன் நிறுவனம்தான் கட்டும். டெக்சஸில் ஜனவரி 1 அன்று மனையில் என்ன நிற்கிறதோ அதற்குத்தான் அந்த வருட வரி. முதல் வருடம் வெறும் மண்ணுக்குக் கட்டினோம், அடுத்து முழு வீட்டுக்கும்.

அதில் பெரிய பங்கு முனிசிபல் யுடிலிட்டி டிஸ்ட்ரிக்ட், சுருக்கமாக ‘மட்’ வரி. நகர எல்லைக்கு வெளியே குடிநீர், சாக்கடை, மழைநீர் வடிகால் போட பத்திரம் வெளியிட்டு வாங்கிய கடனை நாம்தான் அடைக்கிறோம். 100 டாலர் மதிப்புக்கு ஒரு டாலர் என்றால் நாலு லட்சம் டாலர் வீட்டுக்கு வருடம் 4,000.

கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) அனுப்பும் வரி பில்லில் இது இல்லை, தனியாக வந்தது. கடன் நிறுவனம் கவுண்டி பில்லை மட்டும் கட்டியிருந்தது! ஜனவரி 31 தாண்டினால் பிப்ரவரியிலேயே 7 சதவீதம் கூடுதல். பில்லை, கணக்கு எண் தெரிகிற மாதிரி, எஸ்க்ரோ பிரிவுக்கு அனுப்பி, அபராதம் உங்கள் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டேன். முனகிக்கொண்டே கட்டினார்கள். எஸ்க்ரோ கணக்கில் விழுந்த பற்றாக்குறையை 12 மாதமாகப் பிரிக்கவும் வைத்தேன்.

அப்புறம் நாமே குடியிருக்கும் வீட்டுக்குக் கிடைக்கும் வரிச் சலுகையான ஹோம்ஸ்டெட் விலக்குக்கு விண்ணப்பித்தேன். பள்ளி வரி நன்றாகவே இறங்கியது. மட் வரியில் விலக்கு தருவது அந்த டிஸ்ட்ரிக்டை நடத்தும் ஐந்து பேர் வாரியத்தின் விருப்பம். எங்கள் வாரியம் தரவில்லை. பத்திரக் கடன் குறையும்போது விகிதம் இறங்கும் என்கிறார்கள், பார்ப்போம்.