லினக்ஸ் கெர்னல்ல ஃபைல் படிக்கிற கோடை சுத்தம் பண்ணின பேட்ச்சை ரிவ்யூ பண்றது எப்படி?

க்ளீனப் பேட்ச்னா (பேட்ச்னா கோட்ல செய்யுற ஒரு மாற்றம்) ஈஸின்னு நினைச்சு மேலோட்டமா பாத்துட்டு ஓகே சொல்லிடுறாங்க. புதுசா எதையும் சேக்கலையே, இருக்குறதைத்தானே அடுக்கி வெச்சிருக்காங்கன்னு தோணும், ஆனா ஃபைல் படிக்கிற இடத்துல ரெண்டு வரி இடம் மாறினாலே தப்பான டேட்டா வெளிய போயிடும். நிஜமா நடந்த ஒரு க்ளீனப்பை வெச்சே பாக்கலாம்.

ஸ்டெப் 1: பழைய கோடைப் படிங்க. பேட்ச்சை அப்புறம் தொறக்கலாம். எம்எம் (மெமரி மேனேஜ்மெண்ட்) ஃபோல்டர்ல ஃபைல்மேப்னு ஒரு ஃபைல் இருக்கு, பேஜ் கேச்சுல இருந்து, அதாவது டிஸ்க்ல படிச்சதை பேஜ் பேஜா (பொதுவா ஒரு பேஜ் 4096 பைட்) மெமரில வெச்சிருக்குற இடத்துல இருந்து, டேட்டா எடுத்துக் குடுக்குற வேலை அங்கதான். முன்னாடி அதுல "ஜெனரிக் ஃபைல் பஃபர்டு ரீட்"னு ஒரு பெரிய ஃபங்ஷன் இருந்துச்சு, உள்ள பூரா கோட்டூ (வேற லேபிளுக்குத் தாவச் சொல்ற கட்டளை), பேஜ் கிடைச்சா ஒரு லேபிள், கிடைக்கலைன்னா ஒரு லேபிள், பாதி படிச்சு நின்னா இன்னொன்னுன்னு தாவிக்கிட்டே இருக்கும். கெர்னல் டெவலப்பர் கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் 5.11ல அதைச் சின்னச் சின்ன ஃபங்ஷனா பிரிச்சாரு, அப்புறம் மேத்யூ வில்காக்ஸும் கிறிஸ்டோஃப் ஹெல்விக்கும் அதை இன்னும் சுத்தம் பண்ணினாங்க, 2021 ஏப்ரல்ல வந்த 5.12ல பேரும் "ஃபைல்மேப் ரீட்"னு மாறிடுச்சு. 5.11க்கும் 5.12க்கும் நடுவுல அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் கிட் லாக் (கோட் மாற்றங்களோட பதிவு) எடுத்துப் பாருங்க. பேர் மாத்துறது ஒரு பேட்ச், பிரிக்கிறது இன்னொரு பேட்ச்னு தனித்தனியா இருக்கும். உங்ககிட்ட வர்ற பேட்ச்ல ரெண்டும் கலந்திருந்தா பிரிச்சு அனுப்பச் சொல்லிடுங்க, தயங்கவே வேணாம்.

ஸ்டெப் 2: கிட் டிஃப்ல கலர் மூவ்டு ஆப்ஷன் போடுங்க. அப்படியே நகர்ந்த வரி ஒரு கலர், நிஜமா மாறினது வேற கலர். பாதி வேலை இதுலயே குறைஞ்சிடும்.

ஸ்டெப் 3: வரிசையைப் பாருங்க. இதுக்குத்தான் நேரம் செலவு பண்ணணும். பேஜ்ல சரியான டேட்டா இருக்குன்னு உறுதி ஆன பிறகுதான் ஃபைல் சைஸைப் பாக்கணும்னு அந்தக் கோட்லயே கமெண்ட் எழுதி வெச்சிருக்காங்க. ஏன்னு யோசிங்க. ஃபைல் 8192 பைட், நீங்க சைஸை முதல்லயே படிச்சு வெச்சுக்கிறீங்க, அந்த நேரம் பாத்து இன்னொரு ப்ரோசஸ் ஃபைலை 100 பைட்டா வெட்டிடுது, முதல் பேஜ்ல மிச்சம் இருக்குற 3996 பைட்டும் ஜீரோ ஆயிடும், நீங்க பழைய சைஸை நம்பி 4096 பைட்டையும் காப்பி பண்ணிக் குடுத்தா ஃபைல்லயே இல்லாத ஜீரோ யூசர் கைக்குப் போகும். அந்தச் செக்கை "மேல இருந்தா படிக்க நல்லா இருக்கும்"னு யாராவது நகத்தினா கம்பைலர் ஒண்ணும் சொல்லாது, சாதாரண டெஸ்ட்லயும் மாட்டாது. ரிவ்யூ பண்றவர் கண்ணுலதான் படணும்.

லாக் (ஒரே நேரத்துல ரெண்டு பேர் மாத்தாம இருக்கப் போடுற பூட்டு) விஷயமும் இதே மாதிரிதான். பேஜை லாக் பண்ணின பிறகு அது இன்னும் அதே ஃபைலுக்குச் சொந்தமான்னு மறுபடி பாக்கணும், லாக்குக்குக் காத்திருந்த நேரத்துல ட்ரங்கேட் (ஃபைலை வெட்டிச் சின்னதாக்குறது) அந்த பேஜைத் தூக்கியிருக்கலாம்.

ஸ்டெப் 4: வெளிய போற வழி ஒவ்வொண்ணையும் பேப்பர்ல எழுதுங்க. 10000 பைட் கேட்டாங்க, முதல் பேஜ் 4096 காப்பி ஆயிடுச்சு, ரெண்டாவது பேஜ்ல டிஸ்க் எரர். இப்ப 4096னுதான் ரிட்டர்ன் ஆகணும். க்ளீனப்ல இதை "எரர் வந்தா எரரை ரிட்டர்ன் பண்ணு"ன்னு சுருக்கிட்டா, கைக்கு வந்த 4096 பைட்டும் அந்த ப்ரோகிராமுக்குத் தெரியாமலே போயிடும். காத்திருக்காதேன்னு சொல்லி வர்ற ரீடுக்கும் இதே கணக்குதான், கொஞ்சம் கிடைச்சிருந்தா அந்த எண்ணிக்கை, ஒண்ணுமே கிடைக்கலைன்னாதான் "அப்புறம் வா"ங்கிற எரர். கூடவே எடுத்த பேஜ் ரெஃபரன்ஸை (இந்த பேஜை யூஸ் பண்றோம்னு வெச்ச கணக்கை) ஒவ்வொரு வழியிலயும் திருப்பி விட்டிருக்காங்களான்னு எண்ணிப் பாருங்க, கோட்டூவை எடுக்கும்போது அதிகமா விட்டுப்போறது இதுதான்.

ஸ்டெப் 5: ஓட்டிப் பாருங்க. 4095, 4096, 4097 பைட்ல மூணு ஃபைல் போதும், கேச்சை ஒரு தடவை காலி பண்ணிட்டுப் படிங்க, அடுத்து கேச்சோட படிங்க, ஃபைல் முடிவைத் தாண்டி ஒரு ரீட் குடுத்தா ஜீரோன்னு ரிட்டர்ன் ஆகுதான்னும் பாருங்க. அப்புறம் எக்ஸ்எஃப்எஸ் டெஸ்ட்ஸை (ஃபைல்சிஸ்டத்துக்கான டெஸ்ட் தொகுப்பு) ஓட விடுங்க.

இவ்வளவும் பாத்துட்டு "ரிவ்யூட் பை" (நான் பாத்துட்டேன்னு உங்க பேர் போடுற வரி) போடுங்க, கூடவே எந்தெந்த வழியைச் செக் பண்ணினீங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க, பேட்ச் எழுதினவருக்கும் அடுத்து அதைப் பாக்க வர்றவருக்கும் அது நிஜமாவே உதவும்.